ஸால்ஸாக் நதிக்கரையிலே ஒரு கிறிஸ்துமஸ்

பண்டிகைகளில் இரண்டு ரகம் உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொண்டாடுகிற பண்டிகை ஒன்று; கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடுகிற பண்டிகை இன்னொன்று. இரண்டாவது ரகம் நம் நாட்டில் அநேகமாகக் கிடையாது. வீட்டுக்குள்ளே உட்கார்ந்து வெடி வெடிக்க முடியுமா? பொங்கல் பானை பொங்குகிறபோது நாம் போடுகிற கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்காவிட்டால் அது ஒரு பொங்கலா? நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சி எத்தனை மதத்தார் வீட்டுத் தூக்குச் சட்டிகளில் பிரயாணம் செய்கிறது என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துமஸும் முதல் ரகத்தைச் சேர்ந்ததுதான். மார்கழிப் பனியில் வாசலுக்கு மேலே காகித நட்சத்திரம் தொங்கும். இரவிலே பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். பொழுது விடியுமுன் கோயிலுக்குப் போய், ஆராதனை முடிந்து திரும்பினால், அடுத்த காரியம் தட்டுகளை அனுப்புவது. அச்சு முறுக்கு, முந்திரிக் கொத்து, அதிரசம், ஒரு துண்டுக் கேக்கு எல்லாவற்றையும் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, வீட்டுக்கு ஒரு தட்டாகக் குழந்தைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். தட்டு ஒருநாளும் காலியாகத் திரும்பி வராது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும்.

கிறிஸ்துமஸ் என்றவுடனே அது ஏதோ வெள்ளைக்காரர்களுடைய சொந்தச் சொத்து என்று எண்ணுகிறவர்கள் நம்மில் இன்னமும் இருக்கிறார்கள். பெத்லகேம் ஆசியாக் கண்டத்தில் இருக்கிறது என்பதை ஐரோப்பியர் மறந்துபோனதில் ஆச்சரியமில்லை. நாம் ஏன் மறக்கவேண்டும்? ஆனால் அந்த ஐரோப்பாவின் நடுவிலே, இதே பண்டிகையை முழுக்க முழுக்க இரண்டாவது ரகமாகக் கொண்டாடுகிற சிற்றூர் ஒன்றில் எங்கள் குடும்பம் முழுவதும் ஒரு கிறிஸ்துமஸைக் கழிக்க நேர்ந்தது. அந்த ஊரின் பெயர் ஓபர்ன்டார்ப். ஆஸ்திரியா தேசத்தில், ஸால்ஸ்பர்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஸால்ஸாக் நதியின் வளைவு ஒன்றிலே இருக்கிறது.

என் அண்ணன் ஸால்ஸ்பர்க்கில் உத்தியோகம் பார்க்கிறார்; ஓபர்ன்டார்பில் குடியிருக்கிறார். தங்கை கனடா தேசத்து டொரன்டோவில். நான் சென்னையில். தகப்பனார் காலமான பிறகு பாளையங்கோட்டை வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருந்தார்கள். முந்தின வருஷம் ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார்கள். பால்காரர் வந்து கூப்பிட்டு, பதில் வராததைக் கண்டு, பக்கத்து வீட்டாரை அழைத்து வந்து தூக்கி உட்கார வைத்தார். இந்தச் சமாச்சாரம் வந்ததிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. “அம்மா இங்கே வந்துவிட வேண்டியதுதான்” என்றார் அண்ணன். “இல்லை, என்னோடுதான்” என்றாள் தங்கை. ஒரு வருஷ காலம் கைபேசியில் வாதப் பிரதிவாதம் நடந்தது. கடைசியில், எல்லோரும் அண்ணன் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கூடுவது என்று ஏற்பாடாயிற்று. பண்டிகையும் ஆயிற்று, பஞ்சாயத்தும் ஆயிற்று! அம்மா அந்த ஊரைப் பார்த்துவிட்டால் மனம் மாறிவிடும் என்பது அண்ணனுடைய நம்பிக்கை. அம்மாவோ ஜனவரி 10-ந் தேதிக்குத் திரும்புகிற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

மியூனிக்கில் இறங்கி ரயிலில் ஸால்ஸ்பர்க் வந்தோம். அங்கே பெரிய ரயில் நிலையத்துக்கு அடியில், பூமிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நிறச் சின்ன ரயில் புறப்படுகிறது. அதில் அரைமணி நேரம் போனால் ஓபர்ன்டார்ப். மலைகள் பின்னுக்குப் போய், வயல்களும் மர வீடுகளும் வருகின்றன. “பனி எங்கே, மாமா?” என்று தங்கை மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டு வயதுப் பெண். பனி இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பிரதேசத்தில் பனி உருகி மழை பெய்வது அடிக்கடி நடக்கிற விஷயமாம். கயிறு கயிறாக விழுகிற அந்த மழைக்கு ஸால்ஸ்பர்க்காரர்கள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘நூல் மழை’ என்று நம் பாஷையில் சொல்லலாம். வாழ்த்து அட்டைகளில் பார்க்கிற வெள்ளைப் பனிக் கிறிஸ்துமஸை நம்பிப் போகிறவர்கள் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஓபர்ன்டார்பின் எதிர்க்கரையில் லவுபன் என்று ஓர் ஊர். பார்த்தால் ஒரே ஊரின் இரண்டு தெருக்கள் மாதிரி இருக்கிறது. வாஸ்தவத்தில் ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மலைக்குள்ளே வெட்டியெடுத்த உப்பை ஹல்லைனிலிருந்து படகுகளில் ஏற்றி இந்த நதி வழியாகக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுக்காரர்கள் குடியிருந்த கரைதான் ஓபர்ன்டார்ப். நெப்போலியன் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, 1816-ம் வருஷத்தில், பெரிய மனிதர்கள் தேசப் படத்தில் ஒரு கோடு போட்டார்கள். ஸால்ஸ்பர்க் ஆஸ்திரியாவுக்கு, நதிக்கு அப்பால் பவேரியாவுக்கு. மாமியார் வீடு ஒரு ராஜ்யத்திலும் மருமகள் வீடு வேறு ராஜ்யத்திலும் ஆகிவிட்டது! தாய்க் கோயில் அக்கரையில் நின்றுபோயிற்று. கோடு போடுகிறவர்கள் எந்த நாட்டிலும் படகுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு போடுவதில்லை. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இப்போது அந்த இரண்டு தேசங்களுக்கும் நடுவில் 1903-ல் திறந்த இரும்புப் பாலம் இருக்கிறது. நாங்கள் ரொட்டி வாங்குவதற்காக ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்கு நடந்துபோய் வந்தோம். ஒருவரும் நிறுத்தவில்லை.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து மூன்று டின் பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். அச்சு முறுக்கு நொறுங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் காகிதம் வைத்து அடுக்கியிருந்தார்கள். வந்த மறுநாளே, “இந்தக் கட்டிடத்தில் எத்தனை வீடு?” என்று கேட்டார்கள்.

“ஆறு வீடு, அம்மா.”

“அப்படியானால் ஐந்து தட்டு வேண்டும்.”

அண்ணனும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன் மெல்லச் சொன்னார்: “அம்மா, இங்கே பண்டிகை நாளில் ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் தட்டுகிற வழக்கம் இல்லை. டிசம்பர் 24-ந் தேதி சாயங்காலம் என்றால் அது குடும்பத்துக்கு மட்டும். நெருங்கின சிநேகிதர்கள்கூடப் போகமாட்டார்கள். 26-ந் தேதிதான் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டின்னை மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த நாட்டில் கிறிஸ்துமஸின் உயிர் 25-ந் தேதியில் இல்லை. 24-ந் தேதி அந்தியில் இருக்கிறது. அன்று மத்தியானம் 2 மணிக்குள் கடைகளைச் சாத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. பாலோ ரொட்டியோ வாங்க மறந்தவர்கள் மறந்ததுதான். வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவிடுவார்கள். பெரியவர்கள் அதற்குள்ளே மரத்தை ஜோடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பரிசுகளைக் கீழே வைத்து, ஒரு சின்ன மணியை அடிப்பார்கள். மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும். பரிசு கொண்டுவருகிறவர் வெள்ளைத் தாடித் தாத்தா அல்ல; ‘கிறிஸ்ட்கிண்ட்’ என்கிற குழந்தைக் கிறிஸ்து. மணி அடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் ஜன்னல் வழியாகப் பறந்துவிடுமாம். ஸ்டெயர் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்ட்கிண்டல் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் மட்டும் நடக்கிற தபாலாபீஸ் ஒன்றை 1950-ம் வருஷம் முதல் அங்கே நடத்தி வருகிறார்கள். குழந்தைகள் அங்கே கடிதம் எழுதுகிறார்கள்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய தர்க்கமே நடந்தது. தங்கை மகள் வட துருவத்திலிருந்து மான் வண்டியில் வருகிற தாத்தாவின் கட்சி. அண்ணன் மகன் பதினைந்து வயதுப் பையன். பரிசை நம்புகிறவனே தவிர, கொண்டுவருகிறவரை நம்புகிறவன் அல்ல. ஆனாலும் ஊர் அபிமானத்தினால் கிறிஸ்ட்கிண்டின் பக்கம் வாதாடினான். கடைசியில் இருவரும் ஆச்சியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். “எங்கள் வீட்டில் உங்கள் தாத்தாதான் வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வருவார்” என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

24-ந் தேதி காலையில் ஒரு சம்பவம் நடந்தது. அண்ணன் சொன்ன சட்டத்துக்கு விரோதமாக வாசல் மணி அடித்தது! கதவைத் திறந்தால், தீயணைப்புப் படையின் உடுப்பிலே இரண்டு சிறுவர்களும் ஒரு சிறுமியும் நின்றார்கள். கையில் ஒரு லாந்தர். அதற்குள்ளே சின்னச் சுடர். விஷயம் இதுதான்: பெத்லகேமில் இயேசு பிறந்த இடத்துக் குகையில் எரிகிற விளக்கிலிருந்து ஒரு சுடரை ஏற்றி, விமானத்தில் ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவருகிறார்கள். 1986-ம் வருஷத்தில் லின்ஸ் நகரத்து வானொலி நிலையத்தார் ஆரம்பித்த ஏற்பாடு இது. ‘சமாதானச் சுடர்’ என்று பெயர். அந்த ஒரு சுடரிலிருந்து லட்சக்கணக்கான விளக்குகள் ஏற்றப்படுகின்றன. ரயில் நிலையங்களிலும் கோயில்களிலும் ஜனங்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பல ஊர்களில் தீயணைப்புப் படையைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் 24-ந் தேதி காலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நெருப்பை அணைக்கிற படையினர் வீட்டுக்கு வீடு நெருப்புக் கொண்டுவருவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அம்மா லாந்தரையும் பார்த்தார்கள்; குழந்தைகளையும் பார்த்தார்கள். உள்ளே போய்த் தங்கள் மெழுகுவர்த்தியை எடுத்துவந்து அந்தச் சுடரில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த டின் வெளியே வந்தது. அந்தச் சிறுமி அச்சு முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூவா, நட்சத்திரமா, தின்பதா, மரத்தில் மாட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கடி கடித்த பிறகு சந்தேகம் தீர்ந்தது. மற்ற இருவரும் கையை நீட்டினார்கள். “பார்த்தாயா, தம்பி! பெத்லகேமிலிருந்து வருகிற விளக்குக்குக் கதவைத் தட்டத் தெரிகிறது” என்று அம்மா என்னிடம் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்கள் யாரையும் கேட்கவில்லை. பேத்தியை அழைத்துக்கொண்டு ஐந்து தட்டுகளோடு மாடிப்படி இறங்கினார்கள். மூன்று வீட்டில் ஆச்சரியத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஆள் இல்லை. கீழ்த்தளத்து வீட்டில் உள்ளே விளக்கு எரிந்தும் கதவு திறக்கவில்லை. அம்மா தட்டை அந்த வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

பிற்பகலில் நானும் அண்ணனும் ஊரைச் சுற்றி நடந்தோம். இரண்டு மணிக்கு மேல் ஓர் ஊர் இப்படிக் காலியாவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நூல் மழை பெய்துகொண்டிருந்தது. ஊர் ஓரத்தில் ஒரு பண்ணை வீட்டில் மட்டும் மனித நடமாட்டம். ஒரு கிழவர் இரும்புச் சட்டியில் தணலைப் போட்டு, அதில் தூபவர்க்கத்தைத் தூவி, புகையை வீசிக்கொண்டே வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் சுற்றி வந்தார். பின்னாலே பேரன் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் டிசம்பர் 24, 31, ஜனவரி 5 ஆகிய இரவுகளில் இப்படிச் செய்வது பழைய வழக்கமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுகிற நம் வீட்டுக் கிழவிகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், சட்டியைப் பிடிக்கிற விதத்தில் ஏதாவது ஒரு குற்றம் சொல்வார்களே தவிர, என்ன செய்கிறார் என்று கேட்கமாட்டார்கள்.

ஓபர்ன்டார்ப் உலகத்துக்குத் தெரிந்தது உப்பினாலும் அல்ல, படகினாலும் அல்ல, ஒரு பாட்டினால். ‘ஸ்டில்லே நாஹ்ட்’ என்று ஜெர்மன் பாஷையிலும், ‘ஸைலன்ட் நைட்’ என்று இங்கிலீஷிலும் அறியப்பட்ட கிறிஸ்துமஸ் பாட்டு 1818-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி இந்த ஊர்ப் படகுக்காரர்களின் கோயிலில்தான் முதல்முதலாகப் பாடப்பட்டது. பாட்டை எழுதியவர் ஜோஸப் மோர் என்கிற உதவிக் குரு. மெட்டுப் போட்டவர் பக்கத்து ஆர்ன்ஸ்டார்ப் கிராமத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர் பிரான்ஸ் ஸேவர் க்ரூபர். மோர் தகப்பன் பெயர் சொல்ல முடியாத ஏழைப் பிள்ளை. துணி பின்னிப் பிழைத்த தாயின் மகன். க்ரூபர் நெசவாளி மகன். இருவரும் சேர்ந்து பாட, மோர் கிதார் வாசித்தார். எலி ஆர்கன் வாத்தியத்தின் துருத்தியைக் கடித்துவிட்டது. ஆகையால் ஒரே ராத்திரியில் அவசரமாகப் பாட்டு எழுதினார்கள் என்று ஒரு கதை உலகமெல்லாம் வழங்குகிறது. நல்ல கதைதான். ஆனால் மோர் தம் கைப்பட எழுதிய பிரதி ஒன்று 1995-ல் அகப்பட்டது. பாட்டின் சொற்கள் 1816-லேயே, மாரியபார் என்ற மலையூரில் அவர் இருந்தபோது, எழுதப்பட்டவை என்று அதிலிருந்து தெளிவாயிற்று. பாவம், எலியின் பேரில் சுமத்திய பழி நீங்கிற்று!

அந்த 1816-ம் வருஷம் எப்படிப்பட்டது? சண்டை ஓய்ந்திருந்தது, ஆனால் தரித்திரம் ஓயவில்லை. போதாக்குறைக்கு அந்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. முந்தின ஏப்ரல் மாதம் நம் கீழைக் கடலிலே, சும்பாவா தீவில், தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தை மறைத்ததனால் உலகெங்கும் குளிர் அதிகமாகி, ஐரோப்பாவில் பயிர்கள் விளையாமல் பஞ்சம் வந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் அமைதியைப் பற்றி ஒருவர் பாட்டு எழுதினார் என்றால், அமைதி அவரைச் சுற்றி இருந்ததனால் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு அந்தப் பாட்டு செய்த யாத்திரை பெரிது. ஆர்கன் செப்பனிடுகிற கார்ல் மவுராகர் என்பவர் அதை டைரோல் நாட்டு ஸில்லர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கே கையுறை விற்கிற ஸ்ட்ராஸர் குடும்பத்தார் சந்தைக்குப் போன லைப்ஸிக் நகரத்தில் பாடினார்கள். ரெய்னர் குடும்பத்தார் 1839-ல் நியூயார்க்கிலே பாடினார்கள். கவனியுங்கள்: அதைக் கொண்டுபோனவர்கள் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பங்கள். பாட்டு பிரசித்தமாக ஆக, ஆக்கியோன் பெயர் மறைந்துபோயிற்று. பெரிய சங்கீத வித்வான்களுடைய பெயரையெல்லாம் சொன்னார்கள். 1854-ல் பெர்லின் அரண்மனையிலிருந்து விசாரணை வந்தபோதுதான் க்ரூபர் கிழவர், நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மோர் அதற்கு ஆறு வருஷம் முன்னதாகவே, 1848-ல், வாக்ரைன் என்ற ஊரில் பரம ஏழையாக இறந்துவிட்டார். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பிற்காலத்தில் சிலை செய்ய விரும்பிய ஒருவர், முகஜாடை தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய மண்டையோட்டையே கல்லறையிலிருந்து தோண்டி எடுத்துப் பார்த்தார் என்றால், சிற்பிகளின் சிரத்தைக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இன்று அந்தப் பாட்டை 300-க்கு மேற்பட்ட மொழிகளிலும் வழக்குகளிலும் பாடுகிறார்கள். எங்கள் ஊரில் தமிழில் பாடுகிறோம். பாளையங்கோட்டை ஊசிக் கோபுரக் கோயிலை 1826-ல் கட்டிய ரேனியுஸ் ஐயரும் ஜெர்மன் பாஷைக்காரர்தான்; மோரைவிட இரண்டு வயது மூத்தவர்; தமிழ் இலக்கணம் எழுதியவர். 1838-ல் திருநெல்வேலியிலேயே காலமாகி அங்கேயே அடக்கமானார். ஆகவே, எங்கள் வீட்டுக்கும் அந்தப் பாஷைக்கும் இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

பாட்டுப் பிறந்த பழைய கோயில் இப்போது இல்லை. ஸால்ஸாக் வெள்ளம் திரும்பத் திரும்ப வந்து அதைப் பாழாக்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு, ஊரையே மேட்டுப் பக்கமாக நகர்த்திக் கட்டினார்கள். பழைய இடத்தில் எண்கோண வடிவமான ஒரு வெள்ளைச் சிற்றாலயத்தை 1924-ல் கட்டத் தொடங்கி, 1937-ல் முடித்தார்கள். இருபது பேர் உள்ளே போனால் இருபத்தோராவது ஆளுக்கு இடமில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 24-ந் தேதி மாலை 5 மணிக்கு அந்தச் சிற்றாலயத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஜனங்கள் நிற்கிறார்கள். அன்றைக்கு அந்த ஊரில் திறந்த வெளியில் ஜனங்களைப் பார்க்கவேண்டுமானால் அங்கேதான் பார்க்கலாம்.

நாங்களும் போனோம். நாலேகால் மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிட்டது. மழை நின்று, குளிர் எலும்புக்குள் புகுந்தது. அம்மா கம்பளிக்கு மேல் கம்பளி சுற்றிக்கொண்டு பேரன் தோளைப் பிடித்தபடி நின்றார்கள். பிரசங்கம் நடந்தது, ஒரு வார்த்தையும் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு விளக்குகளைக் குறைத்தார்கள். இரண்டே குரல், ஒரு கிதார். முதல் அடியை அவர்கள் முடிப்பதற்குள் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் ஜப்பானிய பாஷையில் பாடிற்று. பக்கத்தில் ஸ்பானிஷ் மொழி. அம்மா தமிழில் பாடினார்கள். கோயில் பாட்டுக் குழுவில் நாற்பது வருஷம் பாடிய குரல். தகப்பனார் போன பிறகு அவர்கள் பாடி நாங்கள் கேட்டதில்லை. தங்கை குனிந்து தன் மகளுடைய தொப்பியைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அங்கே ஐந்து மணி என்றால் நம் ஊரில் இரவு ஒன்பதரை. பாளையங்கோட்டையிலிருந்து பக்கத்து வீட்டு ஐயா கைபேசியில் கூப்பிட்டு, எங்கள் வாசலில் தாமே நட்சத்திரம் கட்டி விளக்குப் போட்டிருப்பதைக் காட்டினார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். வருஷா வருஷம் அந்த நட்சத்திரத்துக்கு ஏணி பிடிக்கிறவரும் அவர்தான். இரவு பதினொன்றரை மணிக்கு ஓபர்ன்டார்ப் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்தபோது, ஊரிலே விடியற்காலம் நாலு மணி. அங்கேயும் ஆராதனை மணி அடித்துக்கொண்டிருக்கும் என்று கணக்குப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டார்கள். “நாம் தாமதமாகப் போகவில்லை” என்றார்கள்.

25-ந் தேதி சாப்பாடு முடிந்ததும் பஞ்சாயத்துத் தொடங்கிற்று.

அண்ணன் வெகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். இங்கே 144 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வைத்திய வண்டி வந்துவிடும், வீடு வெதுவெதுப்பாக இருக்கும், வழுக்காத தரை, பேரன் பக்கத்தில். பிரயாணிகளுக்கு 180 நாளில் 90 நாள் வரைக்கும்தான் அனுமதி என்றாலும், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்.

“வண்டி வரும், ஐயா. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்றார்கள் அம்மா. “ஆனால் அன்றைக்கு நான் விழுந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லையே! என்னால் கூப்பிடவே முடியவில்லை. பால்காரர்தானே வந்து பார்த்தார்? இங்கே பால்காரர் உண்டா?”

“அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்?” என்றாள் தங்கை, அழுதுகொண்டே.

இதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் ஒரு சத்தமில்லாமல் கிடந்தது. அந்த அமைதி அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. வருஷம் முழுவதும் உழைத்த ஜனங்கள் இரண்டு நாள் கடையையும் கதவையும் சாத்திக்கொண்டு, தங்கள் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சந்துக்குச் சந்து ஒலிபெருக்கி கட்டுகிற நாம் அதில் கொஞ்சம் கடன் வாங்கினாலும் நல்லதுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள்ளே எல்லா மேஜைகளும் நிறைந்திருக்கின்றன என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம்.

26-ந் தேதி காலை மறுபடியும் வாசல் மணி அடித்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், நல்ல உடுப்பு உடுத்தி, எங்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். கீழ்த்தளத்து வீட்டுக்காரி. தட்டு நிறையப் பிறை வடிவமான சின்னச் சின்ன ரொட்டிகள். மேலே சர்க்கரை மாவு தூவியிருந்தது. வெண்ணெயும் வாதுமை மாவும் வனிலாவும் சேர்த்து அந்த நாட்டுப் பெண்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பட்சணம் அது. மதினி மொழிபெயர்த்தார்: அந்த அம்மாளுக்கு ஒரே மகன், ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். 24-ந் தேதி கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு யாரும் தட்டமாட்டார்களே என்று பயந்து திறக்கவில்லை. பிறகு வாசலில் தட்டைப் பார்த்தாள். காலித் தட்டைக் கொண்டுவந்து கொடுக்க மனம் வராமல், அன்றிரவே அடுப்பை மூட்டிவிட்டாளாம்.

மதினி இதைச் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். அம்மா தமிழில், அந்த அம்மாள் ஜெர்மனில். மதினி முதல் கால் மணி நேரம் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, அவசியமில்லை என்று கண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

மாலையில் அம்மா எங்களைக் கூப்பிட்டு, ஜனவரி 10-ந் தேதி டிக்கெட்டை மார்ச் மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்தார்கள். அண்ணன் முகம் மலர்ந்தது. “விண்ணப்பம் போடட்டுமா, அம்மா?” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம், ஐயா. 90 நாள் இருந்துவிட்டு நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எல்லோரும் அங்கே வாருங்கள். கீழ்வீட்டு அம்மாளுக்கு அதற்குள் அச்சு முறுக்குச் சுடக் கற்றுக் கொடுக்கவேண்டும். அச்சைத்தான் கொண்டுவரவில்லை. தம்பி, நீ சென்னைக்குப் போனதும் தபாலில் அனுப்பு.”

அனுப்பினேன். இது என்ன கருவி, எதற்காக உபயோகப்படுவது என்று அந்த ஊர்ச் சுங்கக்காரர்கள் அண்ணனுக்கு இரண்டு கடிதம் எழுதிக் கேட்டார்கள். அச்சு போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று.